அந்த ஹதீஸின் மறுபாதி



மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பதும், கேட்பவர்களுக்கு நஸீஹத் சொல்வதும் என் அன்றாடப் பணி. ஆனால் இக்கட்டுரை நான் பிறருக்குச் சொன்ன நஸீஹத்தைப் பற்றியதன்று. ஓதியவன் என்ற பெயரை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தவறைப் பற்றியது. அத்தவறால் வருந்தியவர் என் லாத்தாவின் கணவர், என் மச்சான். அவருடைய அனுமதியைப் பெற்றே இதனை எழுதுகிறேன். "யாருக்காவது பயன்படுமானால் எழுது, என் பெயர் மட்டும் வேண்டாம்" என்றார். எனவே பெயரின்றியே தொடர்கிறேன்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். கடலைத் தாண்டிச் சென்று வணிகம் செய்வது எங்கள் முன்னோர் வழி. அவ்வணிகத்தில் முதன்மையானது கல் வியாபாரம். நீலம், மாணிக்கம், மரகதம், புஷ்பராகம் என்று கொழும்பிலும் ஜெய்ப்பூரிலும் பாங்காக்கிலும் ஹாங்காங்கிலும் கல் பொட்டலத்தோடு அமர்ந்திருக்கும் எங்களூர்க்காரர் ஒருவரையாவது அக்காலத்தில் காணலாம். என் வாப்பாவும் அத்தொழில் செய்தவர். மச்சான் பதினெட்டு வயதில் அத்தொழிலில் நுழைந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதில் இருந்தார்.

நல்ல கல் வியாபாரிக்கு முதலீட்டைவிடக் கண் முக்கியம் என்று வாப்பா சொல்வார். மச்சானுக்கு அந்தக் கண் இருந்தது. ஒரே இடத்தில் தோண்டி எடுத்த இரண்டு நீலக் கற்களுக்கு இடையே எங்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அவரோ ஒன்றில் ஊதாச் சாயல் இருப்பதையும் மற்றதில் சாம்பல் படிந்திருப்பதையும் நொடியில் சொல்லிவிடுவார். கல்லைக் காலை வெளிச்சத்தில், வடக்குப் பார்த்த ஜன்னலருகில்தான் பார்க்க வேண்டும் என்பார். வடக்கு வெளிச்சம் நாள் முழுவதும் அதிகம் மாறாது. நேர்வெயில் கல்லின் நிறத்தை மிகைப்படுத்திக் காட்டும். ஓவியர்களும் அதே காரணத்துக்காக வடக்கு ஜன்னலைத் தேடுகிறார்கள் என்பதை நான் பல ஆண்டுகள் கழித்து அவரிடமிருந்தே அறிந்தேன்.

அவர் வரைவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பயணத்தில் தங்குமிடத்து அறையில் அமர்ந்து, கணக்குத் தாள்களின் பின்பக்கத்தில் நீர்வண்ணத்தால் எதையாவது தீட்டிக்கொண்டு வருவார். எங்களூர்த் தெருக்களின் பழைய மரக் கதவுகள், உப்பளத்தில் குவித்து வைத்த உப்பு, கரையில் ஏற்றிய படகு, பனைமரங்கள். லாத்தா அவற்றைத் துணி அலமாரியின் அடித்தட்டில் பத்திரப்படுத்தி வைப்பாள். அதை யாரும் தொழிலாக நினைத்ததில்லை. சிலருக்குத் தோட்டம், சிலருக்குப் புறா வளர்ப்பு, மச்சானுக்கு இது என்று இருந்துவிட்டோம்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், ஒரு ரமளானின் கடைசிப் பத்தில், தராவீஹ் முடிந்து வீடு திரும்பியபோது வாப்பா என்னை அழைத்தார். உம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. பெருநாள் கழிந்ததும் கல் வியாபாரத்தைப் படிப்படியாக முடித்துக்கொண்டு, இனி வரைவதையும் எழுத்துக்கலையையும் தொழிலாகக் கொள்ளப்போவதாக மச்சான் அன்று நோன்பு திறந்தபின் சொல்லியிருக்கிறார். வாப்பா கோபக்காரர் அல்லர். அன்று அவர் குரல் நடுங்கியது. "நீ ஓதியவன். நீ சொன்னால் கேட்பார். இது மார்க்கத்துக்கு ஆகாது என்று சொல்" என்றார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். எங்களூரில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். லாத்தாவுக்கு வாப்பா கட்டிய வீட்டில்தான் மச்சானும் இருந்தார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, இளையவளுக்கு ஒன்பது. இன்னும் சில ஆண்டுகளில் இருவருக்கும் இரண்டு வீடுகள் எழும்ப வேண்டும். இந்த வழக்கத்தின் நன்மை தீமைகளைப் பேச இது இடமன்று. ஆனால் வாப்பாவின் நடுக்கத்துக்குக் காரணம் ஓவியமன்று, அந்த இரண்டு வீடுகள்தாம் என்பது எனக்கு அன்றே தெரியும். மார்க்கம் என்பது அச்சத்துக்கு நாங்கள் போர்த்திய போர்வையாக இருந்தது.

மறுநாள் அஸருக்குப் பின் மச்சானைப் பார்க்கச் சென்றேன். மாடியில் வடக்கு ஜன்னலருகே அமர்ந்திருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு செய்தியை எடுத்துரைத்தேன். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒரு மனிதர் வந்து, தன் கைத்தொழிலே தன் பிழைப்பு என்றும், தான் உருவங்களைச் செய்பவர் என்றும் கூறினார். உருவம் செய்பவர் அதற்கு உயிர் ஊதும்வரை மறுமையில் வேதனை செய்யப்படுவார், அவரால் ஒருபோதும் உயிர் ஊத இயலாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை இப்னு அப்பாஸ் (ரலி) அவருக்கு அறிவித்தார்கள். அதைக் கேட்ட மனிதருக்கு மூச்சு முட்டியது, முகம் வெளுத்தது.

அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மச்சானின் முகமும் வெளுத்தது. "இது புகாரியில் உள்ளதா?" என்று மட்டும் கேட்டார். "ஆம்" என்றேன். பொய் சொல்லவில்லை. அவர் மெல்ல எழுந்து தூரிகைகளைக் கழுவி, துடைத்து, ஒரு பெட்டியில் வைத்து மூடினார். நான் கீழே இறங்கி வந்து வாப்பாவிடம், "பேசிவிட்டேன்" என்றேன். அன்றிரவு வாப்பா நிம்மதியாக உறங்கினார்.

மச்சான் உறங்கவில்லை. பெருநாள் கழிந்து அவர் ஜெய்ப்பூர் சென்றார், வந்தார், மீண்டும் சென்றார். வியாபாரம் குறையவில்லை. தொழுகையும் குறையவில்லை. ஆனால் பேச்சு குறைந்தது. பிள்ளைகள் பள்ளிப் பாடத்துக்காகப் படம் வரையச் சொன்னால், "வாப்பாவுக்கு இப்போது வராது" என்று விலகிக்கொண்டாராம். ஒருநாள் லாத்தா என்னிடம் வந்து, "தம்பி, அவர் இரவில் எழுந்து உட்கார்ந்து, இதுவரை வரைந்ததற்கெல்லாம் தௌபா செய்து அழுகிறார். நீ அவரிடம் என்னதான் சொன்னாய்?" என்று கேட்டாள். எனக்கு மறுமொழி எழவில்லை.

அடுத்த வாரம் மூத்த மாணவர்களுக்கு ரியாளுஸ் ஸாலிஹீன் பாடம் நடந்துகொண்டிருந்தது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் அந்த நூலில் உருவப்படங்களைப் பற்றிய பாடம் வந்தது. ஒரு மாணவன் ஹதீஸை வாசித்தான். நான் மச்சானிடம் நிறுத்திய இடத்தில் அவன் நிறுத்தவில்லை. நூலில் உள்ளவாறு தொடர்ந்து வாசித்தான். செய்தே ஆக வேண்டுமென்றால் மரத்தையும் உயிரற்றவற்றையும் செய்துகொள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அந்த மனிதருக்கு வழிகாட்டிய பகுதி அது. வாசித்துவிட்டு அவன் நிமிர்ந்து, "உஸ்தாத், அப்படியானால் மரம் வரையலாமா? கடல் வரையலாமா?" என்று கேட்டான்.

"வரையலாம்" என்றேன். அச்சொல் என் வாயிலிருந்து எத்தனை எளிதாக வந்தது!

மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டேன் என்று இங்கே எழுதலாம். வாசிப்பவர்கள் நம்பவும் கூடும். ஆனால் அது உண்மையன்று. மச்சானின் முன்னே அமர்ந்திருந்தபோது அந்த மறுபாதி என் நெஞ்சில் இருந்தது. மச்சான் வரைந்தவை கதவும் படகும் பனைமரமும் என்பதும் எனக்குத் தெரியும். மறுபாதியைச் சொன்னால் அவர் அந்த வழியைப் பற்றிக்கொள்வார் என்று அஞ்சியே மறைத்தேன். குடும்பத்தின் நன்மைக்காக என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மனிதர் திணறி நின்றபோது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அவர் முகத்தைப் பார்த்து இரக்கம் கொண்டு வழி திறந்துவிட்டார்கள். நான் அதே ஹதீஸை எடுத்து, அதே போல வெளுத்த ஒரு முகத்தின் முன் அந்த வழியை அடைத்தேன். பொய்யே சொல்லாமல் ஒருவரை ஏமாற்ற முடியும் என்பதை என்னிடமிருந்தே கற்றேன்.

அன்று மஃரிபுக்குப் பின் மச்சான் வீட்டுக்குச் சென்றேன். கிதாபைக் கையோடு எடுத்துச் சென்றேன். ஹதீஸை முழுமையாக வாசித்துப் பொருள் சொன்னேன். "எனக்கு இது தெரியும், மச்சான். தெரிந்தே மறைத்தேன். என்னை மன்னியுங்கள்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இரண்டு மாதம் நான் என்னை நரகவாசி என்று எண்ணிக்கொண்டிருந்தேன், தம்பி" என்றார். கடுஞ்சொல் ஏதும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

நான் பட்டயப் படிப்பு முடித்து மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன். ஃபத்வா வழங்கும் தகுதியுள்ளவன் அல்லன். எனவே ஷாஃபிஈ மத்ஹபின் சட்டநூல்களில் தேர்ந்த மூத்த ஆலிம் ஒருவரிடம் இருவரும் சென்றோம். அவர் பொறுமையாகக் கேட்டார். உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவதை நம் மத்ஹபின் இமாம்கள் தடுத்திருக்கிறார்கள். மரம், மலை, கடல், கட்டடம் போன்றவற்றில் தடையில்லை என்றார். இறைவசனங்களை எழுதுவதானால் அவற்றின் கண்ணியம் கெடும் இடங்களுக்கு எழுதித் தரக் கூடாது என்றார். பிறகு அவர் கேட்ட கேள்வியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "வரையலாமா என்று கேட்டீர்கள்; அது எளிது. வியாபாரத்தை விட்டால் உங்கள் பொறுப்பில் உள்ளவர்கள் எப்படி உண்பார்கள்? கடினமான கேள்வி அதுதான். அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?"

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது, வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது சிறந்தது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை அவர் நினைவூட்டினார். கூடவே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வையும் எடுத்துரைத்தார். பாக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் பேராசிரியராகப் புகழின் உச்சியில் இருந்தவர், ஹிஜ்ரி 488இல், அதாவது 1095இல், அப்பதவியைத் துறந்து வெளியேறினார். எல்லோரும் அந்தத் துறவைத்தான் பேசுவார்கள். ஆனால் செல்வத்தைப் பிறருக்குப் பகிர்ந்தளித்தபோது, பிள்ளைகளின் பராமரிப்புக்குத் தேவையானதை அவர் ஒதுக்கி வைத்திருந்தார். அதைப் பேசுபவர்கள் குறைவு என்று அந்த ஆலிம் சொன்னார்.

மச்சான் அன்றே கடையை மூடிவிடவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். கல் வியாபாரத்தில் பாதி, நம்பிக்கையின் பேரில் பிறரிடமிருந்து விற்பனைக்குப் பெற்றுவரும் கற்கள். அவை அமானிதம். ஒவ்வொரு பொட்டலத்தையும் எடைபார்த்து, எழுதி, உரியவரிடம் ஒப்படைத்துக் கையொப்பம் பெற்றார். தமக்கு வரவேண்டிய பாக்கியையும் தாம் தரவேண்டிய கடனையும் தனித்தனியே எழுதி லாத்தாவிடம் ஒரு பிரதி கொடுத்தார். கையிருப்புக் கற்களை அன்றைய விலைக்கு மதிப்பிட்டு, இரண்டரை சதவீதம் ஸக்காத் கணக்கிட்டுக் கொடுத்தார். மூன்று ஆண்டுகள் சிக்கனமாக வாழப் போதுமான தொகையைத் தனியே வைத்தார். மூத்தவளுக்கென ஒரு மனையை வாங்கி, அதை அவள் பெயருக்கே பதிவு செய்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, லாத்தாவிடம் அவள் சம்மதத்தைக் கேட்டார். முன்பு ரமளானில் அவர் அறிவித்தார், இப்போது கேட்டார். அந்த வேறுபாட்டை லாத்தா இன்றும் சொல்வாள்.

இஸ்திகாராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் பலர், தொழுதுவிட்டுப் படுத்தால் கனவில் பச்சை தெரிந்தால் சரி, சிவப்பு தெரிந்தால் வேண்டாம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இஸ்திகாரா ஹதீஸில் கனவு பற்றிய பேச்சே இல்லை. இரண்டு ரக்அத் தொழுது, இக்காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நன்மையானால் எளிதாக்கு, இல்லையேல் திருப்பிவிடு என்று இறைவனிடம் ஒப்படைப்பதே அது. மச்சான் அவ்வாறு தொழுதார்; கனவு எதுவும் காணவில்லை. ஆனால் வியாபாரத்தைப் பிரித்து ஒப்படைக்கும் வேலையில் ஒரு வழக்கும் ஒரு மனக்கசப்பும் எழவில்லை. அதையே விடையாக எடுத்துக்கொண்டார்.

பிறகு கற்கத் தொடங்கினார். நாற்பதைக் கடந்த மனிதர் ஹைதராபாத்தில் ஒரு கத்தாத்திடம் நான்கு மாதங்கள் தங்கி, அலிஃப் எழுதிப் பழகினார். அரபு எழுத்துக்கலையில் எழுத்துகளின் அளவு புள்ளிகளால் கணக்கிடப்படுகிறது. நாணல் கலமின் முனையால் சாய்சதுரமாக வைக்கும் புள்ளியே அளவுகோல். அலிஃப் இத்தனை புள்ளி உயரம், பே இத்தனை புள்ளி நீளம் என்று வரையறை உண்டு. இம்முறையை நெறிப்படுத்திய இப்னு முக்லா, அப்பாஸிய கலீஃபாக்களின் அமைச்சராக இருந்தவர், 940இல் மறைந்தவர். அவருக்குப் பின் வந்த இப்னுல் பவ்வாப், வீடுகளுக்கு வண்ணம் தீட்டி அலங்கரிக்கும் தொழிலிலிருந்து எழுத்துக்கலைக்கு வந்தவர் என்று கூறப்படுகிறது. ஹிஜ்ரி 391இல் பாக்தாதில் அவர் எழுதிய குர்ஆன் பிரதி இன்றும் டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது.

இக்காலத்திலும் முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் பிறந்து, இளமையில் இயந்திரப் பட்டறைத் தொழிலாளியாக வேலை பார்த்த முஹம்மது ஸகரிய்யா, இஸ்லாத்தைத் தழுவி, எழுத்துக்கலையைக் கற்று, 1988இல் துருக்கியின் ஹஸன் செலெபி அவர்களிடம் இஜாஸா பெற்றார். 2001இல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட ஈத் அஞ்சல்தலையில் உள்ள எழுத்து அவருடையது. மச்சான் அந்த அஞ்சல்தலையின் படத்தைத் தம் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறார்.

கல் வியாபாரம் அவரை விட்டு முழுவதுமாகப் போய்விடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. பழைய முறையில் தாளை ஆயத்தம் செய்யும்போது, முட்டையின் வெண்கருவும் படிகாரமும் கலந்து பூசி உலர்த்தி, அகீக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அப்போதுதான் கலம் தடையின்றி வழுக்கிச் செல்லும். பிழையான எழுத்தைச் சுரண்டித் திருத்தவும் இயலும். ஓவியங்களின் ஆழ்ந்த நீலம், ஆப்கானின் பதக்ஷான் மலைகளில் கிடைக்கும் லாஜவர்த் கல்லை அரைத்து எடுக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கல்லை எடைபோட்ட கைகள் இப்போது அதே கல்லின் நிறத்தைத் தாளில் தேடுகின்றன. இறைவன் ஒரு கல்வியையும் வீணாக்குவதில்லை.

இங்கே நான் கதையை முடித்தால், விட்டவருக்கெல்லாம் வெற்றிதான் என்று ஆகிவிடும். அப்படியன்று. முதலிரண்டு ஆண்டுகளில் வந்தது மிகச் சொற்பம். நிக்காஹ் அன்பளிப்புக்கு மணமக்கள் பெயர் எழுதிய சட்டகம், வீட்டு வாசலுக்கு ஒரு துஆ, பள்ளிவாசல் மிஹ்ராபுக்கு மேலே ஒரு வரி. இடையிடையே கடற்கரை ஓவியம் ஒன்றை வெளிநாட்டில் வாழும் எங்களூர்க்காரர் யாராவது வாங்குவார். ஊரை விட்டுச் சென்றவர்களுக்கு ஊரின் கதவுகளும் உப்பளமும் வேண்டியிருக்கின்றன. ஊரில் இருப்பவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் ஆண்டு, ஒதுக்கி வைத்த தொகை முடியும் தறுவாயில், ஒரு செல்வந்தர் வந்தார். காலமான தம் தந்தையின் உருவத்தை ஆளுயர ஓவியமாகத் தீட்டித் தர வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை, லாத்தா வீட்டின் ஓராண்டுச் செலவுக்குச் சமம். மச்சான் ஒருநாள் அவகாசம் கேட்டார். அன்றிரவு என்னைத் தேடி வந்து, "சிலர் தட்டையான ஓவியத்தில் தடையில்லை என்றும் சொல்லியிருக்கிறார்களாமே?" என்றார். உண்மை, அக்கருத்துடைய அறிஞர்கள் முற்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். இம்முறை நான் எதையும் மறைக்கவில்லை. அக்கருத்தையும் சொன்னேன், நம் மத்ஹபின் நிலையையும் சொன்னேன், இரண்டின் ஆதாரங்களையும் சொன்னேன். "நீங்களே முடிவு செய்யுங்கள். எதைச் செய்தாலும் உங்கள் மேல் என் மதிப்பு குறையாது" என்றேன்.

அவர் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பணம் தேவைப்படாத நாளில் இந்தக் கருத்தை நான் தேடவில்லை. தேவைப்படும் நாளில் தேடுகிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது." மறுநாள் அந்தச் செல்வந்தரிடம், உங்கள் வாப்பா வாழ்ந்த வீட்டின் முகப்பைத் தீட்டித் தருகிறேன் என்றார். அவர் மறுத்துவிட்டு வேறு ஓவியரிடம் சென்றுவிட்டார். அதன்பின் வேறொரு பெரிய வாய்ப்பு வந்து அந்த இழப்பை ஈடு செய்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அவ்வாறு எதுவும் நடக்கவில்லை. லாத்தா தன் காப்புகளில் இரண்டை விற்றாள். மச்சான் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு எழுத்துக்கலை வகுப்பு எடுக்கத் தொடங்கினார். இன்று அவர்களின் நிலையான வருமானம் பெரும்பாலும் அவ்வகுப்பிலிருந்தே வருகிறது.

மூத்தவளுக்கு வீடு எழும்பியது. இரண்டு அறைகளும் ஒரு கூடமும் கொண்ட சிறு வீடு. ஊரார் பேசினார்கள். "கல் வியாபாரத்தில் இருந்திருந்தால் மாடி வைத்திருப்பார்" என்று என் காதுபடவே சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் சொல்லவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த வீட்டு நிலையின் மேல் மச்சான் தம் கையால் எழுதிய துஆ இருக்கிறது. இளையவளுக்கு இன்னும் வீடு இல்லை. அதைப் பற்றிய கவலை அவர்களுக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.

வாப்பா வஃபாத்தாகும்வரை மச்சானின் முடிவைச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் கடைசி ஆண்டில் ஒருநாள் தம் பழைய பெட்டியைத் திறந்து, வழவழப்பாகத் தீட்டிய ஓர் அகீக் கல்லை எடுத்து என்னிடம் தந்தார். "இது மோதிரத்துக்குப் பெரிது. விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தாள் தேய்க்க ஆகுமாமே, அவரிடம் கொடு" என்றார். மச்சான் அதற்கு ஒரு மரக் கைப்பிடி பொருத்தி, இன்றும் அதையே பயன்படுத்துகிறார்.

நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கைகளால் உழைத்து உண்டவர்கள் என்றும், ஒருவர் தம் கையுழைப்பில் உண்பதைவிடச் சிறந்த உணவை ஒருபோதும் உண்டதில்லை என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறிய கருத்து ஹதீஸில் உள்ளது. வியாபாரமும் ஹலாலான உழைப்பே. அதை விட்டு வருவதில் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் நல்ல வருமானத்தை விட்டு வேறொரு தொழிலை நாடலாம். அவரிடம் கணக்கைக் கேளுங்கள். கடனையும் அமானிதத்தையும் கேளுங்கள். மனைவி மக்களின் சம்மதத்தைக் கேளுங்கள். இவையெல்லாம் மார்க்கம் கேட்கச் சொன்ன கேள்விகள். ஆனால் உங்கள் அச்சத்துக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டாதீர்கள். அச்சமாக இருக்கிறது என்றால், அச்சமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். வாப்பா அன்று, "என் பேத்திகளுக்கு வீடு கட்ட முடியுமா என்று பயப்படுகிறேன்" என்று நேராகச் சொல்லியிருந்தால், மச்சான் அன்றே உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார். இரண்டு மாதக் கண்ணீர் மிஞ்சியிருக்கும்.

என்னைப் போல் ஓதிக் கொடுப்பவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. எனினும் ஒன்று சொல்வேன். மக்கள் நம்மை நம்பி முகத்தை நம் பக்கம் திருப்புகிறார்கள். நாம் நிறுத்தும் இடத்திலேயே அல்லாஹ்வின் தூதரும் நிறுத்தினார்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவர்கள் வாழ்வு எங்கே திரும்ப வேண்டும் என்ற நம் விருப்பத்துக்கேற்ப ஹதீஸை வெட்டும் உரிமை நமக்கு இல்லை.

இப்போதும் ஆண்டுதோறும் ரியாளுஸ் ஸாலிஹீனில் அப்பாடம் வரும். மாணவர்களை ஹதீஸின் கடைசிச் சொல்வரை வாசிக்கச் செய்து, அதன்பின்பே நான் வாய் திறக்கிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக. எங்கள் கைகளின் உழைப்பை ஹலாலானதாக ஆக்குவாயாக. நாங்கள் அறிந்ததை மறைக்காமல் உரைக்கும் துணிவையும், உரைக்கும்போது எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கும் இரக்கத்தையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.